பழமைவாதியின் கையில் கடப்பாரை

அமெரிக்காவில் தங்களைக் 'கன்சர்வேடிவ்' என்று சொல்லிக்கொள்கிறவர்களை நம் பத்திரிகைகள் பழமைவாதிகள் என்று எழுதுகின்றன. எனக்கு இந்த மொழிபெயர்ப்பு ஒருநாளும் மனசுக்கு ஒட்டியதில்லை. பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குக் 'கொன்சேர்வத்தேர்' என்றால் முதலில் ஓர் உத்தியோகஸ்தர்தான் ஞாபகத்துக்கு வருவார். அருங்காட்சியகத்துப் பொருள்களைப் பாதுகாக்கிறவர் ஒரு கொன்சேர்வத்தேர். நிலத்தின்மேல் என்னென்ன அடமானம் இருக்கிறது என்று பதிவேட்டில் எழுதிக் காத்து வருகிறவர் இன்னொரு கொன்சேர்வத்தேர். இந்த இரண்டாவது பதவி பிரான்சில் 2012 முடியும்வரை இருந்தது. அதில் ஒரு விசேஷம் உண்டு. பதிவேட்டில் தவறு நேர்ந்து யாருக்காவது நஷ்டம் வந்தால், அந்த அதிகாரி தம் சொந்தச் சொத்திலிருந்து ஈடுகட்ட வேண்டும். அரசாங்கம் குறுக்கே வந்து காப்பாற்றாது.

இதே சொல் அரசியலுக்குள் வந்ததும் பிரான்சில்தான். 1818-ல் ஷத்தோபிரியான் 'லெ கொன்சேர்வத்தேர்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். புரட்சி வந்து போய், நெப்போலியன் வந்து போய், மன்னர் குடும்பம் திரும்பி வந்திருந்த சமயம். இடிந்தது போக மிச்சமிருப்பதையாவது காப்பாற்றுவோம் என்றவர்கள் இந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். அதற்கு முன்பே, 1790-ல், கடலுக்கு அந்தப் பக்கமிருந்து எட்மண்ட் பர்க் பிரெஞ்சுப் புரட்சியைச் சாடி ஒரு புத்தகம் எழுதினார். தலைமுறை தலைமுறையாக வந்த அமைப்பை ஒரு தலைமுறையின் கோபத்துக்குப் பலிகொடுக்காதீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். அமெரிக்கப் பழமைவாதிகள் இன்றைக்கும் இந்த பர்க்கைத்தான் தங்கள் பாட்டனார் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

ஆக, சாவியையும் பதிவேட்டையும் வைத்திருப்பவர்தான் கொன்சேர்வத்தேர். இந்த அளவுகோலை வைத்துத்தான் நான் வாஷிங்டனைப் பார்க்கிறேன். பார்த்தால், காவல்காரர் என்று பெயர் வைத்துக்கொண்டவர் கையில் கடப்பாரை இருக்கிறது.

காலையில் கடற்கரைச் சாலையில் நடக்க வரும் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு இது ஆனந்தமாக இருக்கிறது. "என்ன முசே, ஆள் என்றால் இவர்தான்! வந்த அன்றைக்கே எல்லாரையும் கூட்டிப் பெருக்கினார் பாருங்கள்" என்கிறார் ஒருவர். சொல்கிறவர் முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்து, இன்று மாதம் முதல் தேதி பென்ஷன் வாங்குகிறவர். கூட்டிப் பெருக்கப்பட்டவர்கள் யார் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. நம்மைப் போன்ற குமாஸ்தாக்கள்தான் ஐயா.

கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். அமெரிக்காவில் ஒரு காலத்தில் கட்சி மாறினால் குமாஸ்தாவும் மாறுவார். 1829-ல் ஆண்ட்ரூ ஜாக்சன் அதிபரானதிலிருந்து இது பகிரங்கமான வழக்கமாகவே ஆனது. ஜெயித்தவன் கட்சிக்காரனுக்கு அஞ்சல் அலுவலகம், சுங்கச் சாவடி எல்லாம் பங்கு. அதற்குப் பதிலாக அவன் தன் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கட்சிக்குக் கட்டுவான். 1881 ஜூலை 2-ஆம் தேதி வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அதிபர் கார்ஃபீல்டை ஒருவன் சுட்டான். சார்ல்ஸ் கித்தோ என்று பெயர். தேர்தலில் தான் உழைத்ததற்குப் பாரிஸில் தூதரக அதிகாரியாகப் போட்டிருக்க வேண்டும், போடவில்லை என்பது அவன் குறை. (பாரிஸ்தான் வேண்டுமாம். ரசனைக்காரன்.) கார்ஃபீல்ட் செப்டம்பரில் இறந்தார். அவருக்குப் பின் வந்த செஸ்டர் ஆர்தர் 1883 ஜனவரியில் பெண்டில்டன் சட்டத்தில் கையெழுத்திட்டார். பரீட்சை எழுதித் தேறியவனுக்கு வேலை. கட்சிக்குப் பணம் கட்டவில்லை என்று யாரையும் நீக்கக் கூடாது. முதலில் பத்தில் ஒரு பங்கு வேலைகளுக்குத்தான் இது பொருந்தியது. பிறகு படிப்படியாக விரிந்தது. அந்தச் சட்டத்தை வரைந்தவர்கள் பிரிட்டனின் பரீட்சை முறையைப் பார்த்துத்தான் எழுதினார்கள். நம்முடைய சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்கும் அதுவே மூலம். அந்த வகையில் அமெரிக்கக் குமாஸ்தா நமக்குப் பங்காளி முறை.

தொக்வில் 1831-ல் அமெரிக்காவுக்குப் போய் ஒன்பது மாதம் சுற்றினார். அவர் எழுதிய புத்தகத்தைப் பள்ளியில் எங்களைப் படிக்க வைத்தார்கள். அதில் எல்லோரும் எடுத்துச் சொல்வது ஜனநாயகத்தைப் பற்றிய பகுதிகள். எனக்கு, என் தொழில் காரணமாக, வேறொன்று மனதில் தங்கியது. அந்த ஊர் அலுவலகங்களில் காகிதத்தை யாரும் பாதுகாப்பதில்லை, ஏதாவது கேட்டால் மூலப் பத்திரத்தையே எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள் என்று அவர் ஆச்சரியப்படுகிறார். நினைத்துப் பாருங்கள், ஃபைலிலிருந்து அசலை உருவி வழிப்போக்கனுக்குக் கொடுப்பது! பிரான்சில் நிலைமை நேர்மாறு. 1789-க்குப் பிறகு அங்கே மன்னராட்சி, இரண்டு பேரரசு, ஐந்து குடியரசு என்று எல்லாம் வந்து போயிருக்கின்றன. அரசமைப்பு மாறிக்கொண்டே இருந்தது, குமாஸ்தா மாறவில்லை. நம் ஊரிலேயே 1954 நவம்பர் 1-ஆம் தேதி கொடி மாறியது. எத்தா சிவில் பதிவேட்டில் இருந்த பிறப்பு, இறப்பு, கல்யாணம் ஒன்றும் மாறவில்லை. அமெரிக்காவிலோ ஒரே அரசமைப்பு அசையாமல் நின்றது, குமாஸ்தாக்கள் மட்டும் நாலு வருஷத்துக்கு ஒருமுறை மாறினார்கள். 1883-க்குப் பிறகுதான் அந்த நாட்டுக்கு அரசமைப்பும் நிலைத்தது, அலுவலகமும் நிலைத்தது. இப்படிப் பார்த்தால் பெண்டில்டன் சட்டம்தான் அங்கே உண்மையான பழமைபேணும் காரியம். அதைக் காக்க வேண்டியவர்கள் இன்று அதைத்தான் தோண்டுகிறார்கள்.

2020 அக்டோபரில், தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, டிரம்ப் 'ஷெட்யூல் எஃப்' என்று ஓர் ஆணை போட்டார். கொள்கை சம்பந்தப்பட்ட வேலையில் இருக்கும் நிரந்தர ஊழியர்களைத் தனிப் பட்டியலில் போட்டு, சாதாரண விசாரணைப் பாதுகாப்பு இல்லாமல் நீக்கலாம் என்பது அதன் சாரம். பைடன் வந்து ரத்து செய்தார். 2025 ஜனவரி 20-ஆம் தேதி, பதவியேற்ற அன்றே, டிரம்ப் அதை மீண்டும் உயிர்ப்பித்தார். சுமார் 50,000 பேர் அதில் வருவார்கள் என்பது அவர்களுடைய சொந்தக் கணக்கு.

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எந்தத் துறை, எந்த வருஷம், யார் என்பதெல்லாம் வேண்டாம். நான் யூ.டி.சி.யாக இருந்தபோது ஒரு மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, அன்று வந்த ஒரு தபாலை மூன்று வாரத்துக்கு முந்தைய தேதியில் வரவுப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னார். பதிவேட்டில் வரிசை எண் இருக்கிறது, நடுவில் இடமில்லை என்றேன். இடம் உண்டாக்கு என்றார். முடியாது என்று எழுத்தில் குறிப்பு வைத்தேன். ஆறு மாதத்தில் என்னைத் தூக்கி வேறு இடத்தில் போட்டார்கள். அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஏன் முடியவில்லை என்றால் அரசமைப்பின் 311-வது பிரிவு. குற்றச்சாட்டை எழுதிக் கொடுத்து, பதில் கேட்டு, விசாரணை நடத்தாமல் என்னை வீட்டுக்கு அனுப்ப அவரால் ஆகாது. அன்றைக்கு நான் ஒன்றும் வீரன் இல்லை. வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள். 311 முதுகுக்குப் பின்னால் இல்லாவிட்டால் அந்த இடத்தை நானே உண்டாக்கியிருப்பேனோ என்னவோ! ஷெட்யூல் எஃப் பறிக்க நினைப்பது இந்த முதுகுச் சுவரைத்தான்.

2025-ல் நடந்தவற்றில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 22, சனிக்கிழமை. ஈலான் மஸ்க் ஆட்டிவைத்த காலம். மத்திய அரசு ஊழியர் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் போனது: போன வாரம் என்ன வேலை செய்தாய், ஐந்து வரியில் எழுது, திங்கட்கிழமை நள்ளிரவுக்குள் வேண்டும். பதில் வராவிட்டால் ராஜினாமா என்று எடுத்துக்கொள்ளப்படும் என்று மஸ்க் தன் பக்கத்தில் எழுதினார். டிரம்ப்பே நியமித்த தலைவர்கள் சிலர், எஃப்.பி.ஐ. உள்பட, தங்கள் ஊழியர்களிடம் பதில் அனுப்பாதீர்கள் என்றார்கள். நம் சூப்பிரண்டுகள் ஆயிரம் மெமோ கொடுத்திருப்பார்கள். இந்த மாதிரி ஒன்று நான் பார்த்ததில்லை. மெமோ கொடுப்பவனுக்கு நீ எந்த செக்‌ஷனில் என்ன ஃபைல் பார்க்கிறாய் என்றாவது தெரிந்திருக்கும்.

ஆகஸ்ட் 1. தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் வழக்கமான வேலைவாய்ப்பு அறிக்கையை வெளியிட்டது. ஜூலையில் 73,000 வேலைகள்தான் கூடின. மே, ஜூன் மாதங்களுக்கு முன்பு சொன்ன கணக்கு 2,58,000 குறைக்கப்பட்டது. தகவல்கள் தாமதமாக வந்து சேர, பழைய மாதக் கணக்கைத் திருத்துவது அந்த அலுவலகத்தின் மாதாந்திர நடைமுறை. அன்றைக்கே அதன் ஆணையர் எரிகா மெக்என்டார்ஃபரை டிரம்ப் நீக்கினார், கணக்கு ஜோடிக்கப்பட்டது என்று சொல்லி. ஆதாரம் ஒன்றும் காட்டவில்லை. அந்த அம்மையாரை 2024-ல் செனட் 86-க்கு 8 என்று அங்கீகரித்தது. ஆதரித்து வாக்களித்தவர்களில் அன்று செனட்டராக இருந்த ஜே.டி. வான்ஸும் ஒருவர். அந்த அலுவலகம் 1884-லிருந்து இருக்கிறது. காய்ச்சல் 103 என்று காட்டினால் தெர்மாமீட்டரை உடைக்கிற வீட்டைப் பார்த்திருக்கிறீர்களா?

மூன்றாவது, ஜனவரி 24, வெள்ளிக்கிழமை இரவு. ஏறக்குறைய 17 துறைகளின் தலைமைத் தணிக்கை ஆய்வாளர்கள் ஒரே இரவில் நீக்கப்பட்டார்கள். ஊழலையும் வீண்செலவையும் கண்டுபிடிப்பதற்கென்றே 1978-ல் சட்டம் போட்டு உண்டாக்கிய பதவி அது. நீக்குவதானால் காங்கிரஸுக்கு முப்பது நாள் முன்னதாகக் காரணத்தோடு எழுத வேண்டும். எழுதவில்லை. செப்டம்பரில் ஒரு நீதிபதி இது சட்டவிரோதம் என்றார். ஆனாலும் திரும்ப வேலையில் அமர்த்த உத்தரவிடவில்லை. வீண்செலவை ஒழிக்கிறேன் என்று வந்தவர் முதலில் தணிக்கைக்காரனை வீட்டுக்கு அனுப்பினார். நம் ஊரில் ஆடிட் பார்ட்டி வரும்போது சில செக்‌ஷன்களில் ஆசாமிகள் லீவ் போடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆடிட் பார்ட்டிக்கே லீவ் கொடுத்தது இவர்தான்.

நாட்டின் ஆவணக் காப்பகத் தலைவரை அதே ஆண்டு பிப்ரவரியிலும், காங்கிரஸ் நூலகத்தின் தலைவரை மே மாதத்திலும் நீக்கினார்கள். நூலகருக்கு ஒரு மின்னஞ்சல்தான் வந்தது. அசல் கொன்சேர்வத்தேர்கள் இவர்கள்தான், பிரெஞ்சு அகராதிப்படி.

சரி, அந்தப் பக்கத்து நியாயத்தையும் சொல்கிறேன். அவர்கள் குறை முழுக்கப் பொய்யல்ல. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு பக்கம்தான். மாற்றுக் கருத்துக்காரன் வாய் திறக்கத் தயங்குகிறான் என்று அவர்கள் சொல்வதில் சத்து இருக்கிறது. யாரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்காத அலுவலகங்கள் சட்டத்துக்குச் சமமான விதிகளை எழுதிக் குவிக்கின்றன என்பதும் உண்மை. குமாஸ்தா தேவதூதன் இல்லை. பண்டிகை வரும்வரை ஃபைல்மேல் உட்கார்ந்திருந்தவர்களை எனக்குப் பெயரோடு தெரியும். ஓட்டு வாங்கி வந்தவர் சொல்வது நடக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் இதற்கெல்லாம் மருந்து தேடும் வழி அவர்களுக்கே தெரிந்திருந்தது, அதில் ஜெயித்தும் காட்டினார்கள். 1982-ல் யேலிலும் சிகாகோவிலும் சில சட்ட மாணவர்கள் சேர்ந்து ஃபெடரலிஸ்ட் சொசைட்டி என்று ஒரு சங்கம் வைத்தார்கள். கண்ணாடியை உடைக்கவில்லை. கூட்டம் போட்டார்கள், எதிர்த்தரப்பையும் மேடைக்கு அழைத்து விவாதித்தார்கள், படித்தார்கள், காத்திருந்தார்கள். அந்த வட்டத்தில் வளர்ந்தவர்கள் கீழ் நீதிமன்றங்களில் நுழைந்து மேலே ஏறினார்கள். நாற்பது வருஷம் கழித்து, 2022-ல், கருக்கலைப்பு உரிமை பற்றிய 1973-ஆம் ஆண்டுத் தீர்ப்பை உச்சநீதிமன்றம் மாற்றி எழுதியது. 2024-ல், அரசு அலுவலகங்களின் சட்ட விளக்கத்துக்கு நீதிமன்றம் தலையசைக்க வேண்டும் என்ற நாற்பதாண்டு வழக்கத்தையும் முடித்துவைத்தது. இந்தத் தீர்ப்புகள் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். (முதலாவது எனக்குப் பிடிக்கவில்லை. என் வீட்டம்மாவுக்கு என்னைவிடப் பிடிக்கவில்லை.) ஆனால் போன வழி பர்க்கின் வழி.

அதற்குக் கிடைத்த மரியாதை என்ன? 2025 மே மாதம் டிரம்ப் போட்ட இறக்குமதி வரிகளுக்குப் பன்னாட்டு வணிக நீதிமன்றம் தடை சொன்னது. மூன்று நீதிபதிகள், ஒருவர் ரீகன் நியமித்தவர், ஒருவர் டிரம்ப்பே நியமித்தவர். உடனே அவர் ஃபெடரலிஸ்ட் சொசைட்டிமேல் பாய்ந்தார். தமக்கு நீதிபதிகளைத் தேர்ந்துகொடுத்த லெனர்ட் லியோவைத் தெருச்சண்டை வார்த்தையில் ஏசினார். சட்டப் புத்தகத்தில் எழுதியிருப்பதைப் படிக்கிற நீதிபதி வேண்டும் என்று நாற்பது வருஷம் கேட்டவர்கள், அவர் படித்துக் காட்டியதும் கோபித்துக்கொண்டால் எப்படி?

ரீகனை நம் காலத்தவர் மறந்திருக்க மாட்டீர்கள். கல்வித் துறையை மூடுவேன் என்று சொல்லித்தான் 1980 தேர்தலில் நின்றார். காங்கிரஸ் ஒத்துவரவில்லை, துறை அப்படியே இருந்தது. அவரும் அடுத்த வேலையைப் பார்க்கப் போனார். சட்டத்தால் உண்டானதைச் சட்டத்தால்தான் கலைக்க வேண்டும் என்ற கூச்சம் அவருக்கு இருந்தது.

இன்று புதுத் தலைமுறை மஸ்க்கைப் பார்த்து வளர்கிறது, ரீகனைப் பார்த்தல்ல. வான்ஸ் 2021-ல் ஒரு மாநாட்டில் பல்கலைக்கழகங்களே எதிரி என்று தலைப்பு வைத்துப் பேசினார். அவர் யேலில் சட்டம் படித்தவர் என்பதைச் சேர்த்துப் படியுங்கள். 1973-ல் தொடங்கிய ஹெரிடேஜ் நிறுவனம் ஒரு காலத்தில் ரீகனுக்குக் கொள்கைப் புத்தகம் எழுதிக் கொடுத்தது. 2023-ல் ஏறக்குறைய 900 பக்கத்தில் அரசாங்கத்தைப் பிடிப்பதற்கான கையேடு எழுதியது. 2025 இலையுதிர் காலத்தில், யூத வெறுப்பைப் பரப்பும் ஓர் இளைஞனுக்கு மைக் கொடுத்த தொலைக்காட்சிக்காரரைக் கைவிடுவதா வேண்டாமா என்ற சண்டையில் அந்த நிறுவனமே இரண்டாகப் பிளந்தது. ராபர்ட் ஜார்ஜ் போன்ற மூத்த அறிஞர் நிர்வாகக் குழுவிலிருந்து விலகினார். வாசலில் காவல் வேண்டாம் என்று முடிவு செய்த வீட்டுக்குள் யார் வந்து உட்காருவார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இதில் அவர்களுக்கே ஆபத்தான விஷயம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் நம் கூட்டத்து ரசிகர்களும் பார்க்க மறுக்கிறார்கள். அந்த 50,000 நாற்காலிகளை விசாரணையில்லாமல் காலி செய்யும் அதிகாரம் அதிபர் பதவிக்கு உரியது, டிரம்ப்பின் வீட்டுச் சொத்தல்ல. அடுத்து ஜனநாயகக் கட்சிக்காரர் வந்தால் அதே கடப்பாரை அதே மேஜையில் தயாராக இருக்கும். பழமைவாதிகள் நாற்பது வருஷமாகப் பயந்தது எதற்கு? அடங்காத அரசாங்கத்துக்கு. அதற்கு இருந்த கடைசித் தாழ்ப்பாளைக் கழற்றுகிறவர்களும் அவர்களே.

அசல் பழமைவாதி அங்கே இல்லாமல் இல்லை. 2021 ஜனவரி 2-ஆம் தேதி ஜார்ஜியா மாநிலத்தின் தேர்தல் பொறுப்பாளர் பிராட் ராஃபென்ஸ்பெர்கருக்கு டிரம்ப் தொலைபேசியில் ஒரு மணி நேரம் பேசினார். 11,779 வாக்கில் தோற்ற மாநிலத்தில் தமக்கு 11,780 வாக்குகளைக் கண்டுபிடிக்கச் சொன்னார். ராஃபென்ஸ்பெர்கர் குடியரசுக் கட்சிக்காரர், டிரம்ப்புக்கே வாக்களித்தவர். மூன்று முறை எண்ணியாயிற்று, ஒருமுறை கையாலேயே எண்ணியாயிற்று, உங்களிடம் இருக்கும் தகவல் தவறு என்று அமைதியாகப் பதில் சொன்னார். நான்கு நாள் கழித்து, வெளியே கூட்டம் தூக்குமரம் நட்டிருக்க, துணை அதிபர் மைக் பென்ஸ் தமக்கு விதிக்கப்பட்ட வேலையை, வாக்குகளை எண்ணி அறிவிப்பதை, இரவோடு இரவாக முடித்தார். பதிவேட்டில் இடமில்லை என்று சொன்ன ஆட்கள் இவர்கள். இன்று அந்தக் கட்சியில் இவர்கள் பெயரைச் சொன்னால் கைதட்டல் கிடைப்பதில்லை.

நிறுவனங்களைப் பொறுத்தவரை அவர்கள் முன்னால் இரண்டு பாதை இருக்கிறது. ஹார்வர்ட் சொன்னபடி கேட்கவில்லை என்று 2025 ஏப்ரலில் 220 கோடி டாலர் ஆராய்ச்சிப் பணத்தை முடக்கினார்கள். செப்டம்பரில் நீதிமன்றம் அது செல்லாது என்றது. இது ஒரு பாதை. இன்னொன்று சத்தமில்லாமல் நடக்கிறது. அரிசோனாவிலும் ஃபுளோரிடாவிலும் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே புதுத் துறைகளைத் தொடங்கி, பழைய நூல்களையும் அரசமைப்பு வரலாற்றையும் மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். பணம் குடியரசுக் கட்சிச் சட்டமன்றங்கள் கொடுத்தது. கட்சிக் கூடாரமாகிவிடும் என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். ஆகட்டுமே, கட்டடம் கட்டுகிறவனை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்தத் துறையில் ஒரு பையன் பர்க்கையும் தொக்வில்லையும் படித்துத் தேறி வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசாங்க வேலைக்கு மனுப் போடுகிறான். 2025 மே மாதம் வந்த புதிய நியமன விதிப்படி விண்ணப்பத்தில் நான்கு கட்டுரைக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 200 சொல். அவற்றில் ஒன்று: இந்தப் பதவியில் இருந்துகொண்டு அதிபரின் ஆணைகளையும் கொள்கை முன்னுரிமைகளையும் முன்னெடுக்க நீ எப்படி உதவுவாய்? எதிர்ப்பு வந்தபின் கட்டாயமில்லை என்றார்கள், கேள்வி மட்டும் தாளில் நின்றது. பர்க்கைப் படித்த பையன் அதற்கு 200 சொல்லில் என்ன எழுதுவான்? பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிற, எதையும் படிக்காத பையன் என்ன எழுதுவான்? இருவரில் வேலை யாருக்குக் கிடைக்கும் என்பதை நம் கூட்டத்து நண்பர்களே சொல்லட்டும். நேர்முகத் தேர்வுகளை நம்மைவிட அதிகம் பார்த்தவர்கள் யார்?